நோட்பேட்++ உரைத்தொகுப்பியில் தமிழ்ச் சொற்பிழைதிருத்தி: நிறுவும் முறையும் சிவப்புக்கோட்டின் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

விண்டோஸ் இயங்குதளத்தில் வழங்கும் கட்டற்ற உரைத்தொகுப்பியான நோட்பேட்++இல், டிஸ்பெல்செக் என்னும் செருகுநிரலைக் கொண்டு தமிழ்ச் சொற்பிழை பார்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. செருகுநிரலை நிறுவுவது சில நிமிடப் பணி. அது தமிழ்ச் சொல்லின் கீழ் இடும் சிவப்புக்கோடு எதைச் சுட்டுகிறது என்று அறிவதுதான் கடினம். அமைப்பில் உள்ள குறை, குறியாக்கத்தில் உள்ள குறை, அகராதியின் போதாமை, உரையில் உள்ள மெய்யான பிழை ஆகிய நான்கும் திரையில் ஒரே கோடாகத் தோன்றுகின்றன. இவற்றைப் பிரித்தறியும் எளிய சோதனை ஒன்றும், தமிழ்ப் புணர்ச்சி விதிகள் ஹன்ஸ்பெல் ஒட்டுக்கோப்பில் இடம்பெறும் முறையும், பதிப்புப் பணியில் இக்கருவியைக் கையாளும்போது கொள்ளவேண்டிய எச்சரிக்கையும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சொற்பிழைதிருத்தி, செருகுநிரல், நோட்பேட்++, ஹன்ஸ்பெல், ஒருங்குறி, புணர்ச்சி, போலி, பதிப்பியல்

வெற்றுரையின் தேவை

தமிழாய்வில் கணினி என்றால் பெரும்பாலும் சொற்செயலியே நினைவுக்கு வருகிறது. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து, அச்சுக்கு அனுப்ப அது போதும். ஆனால் ஒரு நூலுக்குச் சொல்லடைவு தொகுத்தல், இரு பதிப்புகளின் பாடங்களை ஒப்பிடுதல், களப்பணியில் பதிவு செய்த பேச்சை எழுத்தாக்கி வகைப்படுத்துதல் போன்ற பணிகளில் சொற்செயலிக் கோப்பு இடையூறாகிவிடுகிறது. எழுத்தின் அளவு, வண்ணம், பக்க எல்லை முதலிய செய்திகள் உரையோடு கலந்து கிடப்பதே காரணம். இத்தகைய பணிகளுக்கு எழுத்துகளைத் தவிர வேறெதையும் கொள்ளாத வெற்றுரைக் கோப்பே ஏற்றது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளை எடுத்து ஆய்வுக்குப் பயன்படுத்துவோர் முதலில் செய்வதும் அவற்றை வெற்றுரையாக மாற்றிக்கொள்வதே.

வெற்றுரையைத் திருத்தப் பலரும் பயன்படுத்தும் கருவி நோட்பேட்++. டான் ஹோ 2003 நவம்பரில் வெளியிட்ட இது குனு பொது உரிமத்தின்கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய கோப்புகளை விரைவாகத் திறக்கும். ஒழுங்குக்கோவைகளைக் கொண்டு தேடும். ஒருங்குறித் தமிழைச் செம்மையாகக் காட்டும். சொற்பிழை பார்க்கும் வசதி மட்டும் அதன் உடலில் இல்லை. அதனைச் செருகுநிரல் வழியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரு செருகுநிரல்கள்

நோட்பேட்++க்குச் சொற்பிழை பார்க்கும் செருகுநிரல்கள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. முந்தையது ஸ்பெல்-செக்கர் என்ற பெயருடையது. அது தானாகச் சொற்களை ஆராயாது. கெவின் அட்கின்சன் உருவாக்கிய ஆஸ்பெல் என்னும் இயந்திரத்தைத் தனியே நிறுவி, அதன் இருப்பிடத்தைச் செருகுநிரலுக்குக் காட்ட வேண்டும். பழைய வழிகாட்டிக் குறிப்புகள் பலவும் இம்முறையையே சொல்கின்றன. அவற்றைப் பின்பற்றித் தமிழுக்கு முயல்வோர் ஒரு படியில் தேங்கி நிற்பர். காரணம் எளியது. விண்டோசுக்கென வெளியிடப்பட்ட ஆஸ்பெல் 0.50.3ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தை ஏற்கும் திறன் 2004இல் வந்த 0.60ஆம் பதிப்பில்தான் ஆஸ்பெல்லுக்குக் கிட்டியது. ஆஸ்பெல்லுக்கான தமிழ்ச் சொற்பட்டியலும் அவ்வாண்டினதே, அது 0.60ஆம் பதிப்புக்கென ஆக்கப்பட்டது. ஆகவே விண்டோஸ் ஆஸ்பெல்லும் தமிழ்ச் சொற்பட்டியலும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. பயனாளர் எத்தனை முறை மீள நிறுவினாலும் பயனில்லை என்பதை அக்குறிப்புகள் சொல்வதில்லை.

பிந்தையது டிஸ்பெல்செக். இது ஹன்ஸ்பெல் இயந்திரத்தைத் தனக்குள்ளேயே கொண்டுள்ளது. ஆகவே வேறொன்றைத் தனியே நிறுவ வேண்டியதில்லை. ஹன்ஸ்பெல்லின் பிறப்பு தமிழுக்குப் பொருத்தமான ஒன்று. ஹங்கேரி மொழிக்காக லாஸ்லோ நேமெத் இதனை உருவாக்கினார். ஆங்கிலம் போன்ற மொழிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட மைஸ்பெல் என்னும் முந்தைய கருவி, ஒரு வேர்ச்சொல்லின்மேல் ஒட்டு ஒட்டாக அடுக்கும் ஹங்கேரி மொழிக்குப் போதவில்லை. எனவே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பின்னொட்டுகளைப் பிரித்துப் பார்க்கும் திறனோடு ஹன்ஸ்பெல் அமைக்கப்பட்டது. லிப்ரே ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ஆகியவற்றில் சொற்பிழை பார்ப்பதும் இதுவே. ஒட்டுநிலை மொழியாகிய தமிழுக்கு ஆஸ்பெல்லைவிட இது நெருக்கமானது எனலாம். எனினும் போதுமானதா என்பது வேறு வினா.

நிறுவும் முறை

2018இல் வந்த 7.6ஆம் பதிப்பு முதல் நோட்பேட்++இல் ‘பிளகின்ஸ் அட்மின்’ என்னும் பட்டியல் உள்ளது. மேற்பட்டையில் ‘பிளகின்ஸ்’ என்பதைத் திறந்து, அப்பட்டியலில் டிஸ்பெல்செக்கைத் தெரிவு செய்து நிறுவினால் தொகுப்பி தானே மூடித் திறக்கும். இணைய வசதி இல்லாத துறைக் கணினியில், செருகுநிரல் கோப்பை வேறிடத்தில் பதிவிறக்கி, நோட்பேட்++இன் ‘பிளகின்ஸ்’ கோப்புறைக்குள் ‘டிஸ்பெல்செக்’ என்ற பெயரில் ஓர் உட்கோப்புறை அமைத்து அதில் இட வேண்டும். 7.6க்கு முந்தைய முறைப்படி ‘பிளகின்ஸ்’ கோப்புறையிலேயே நேராக இட்டால் நிரல் கண்டுகொள்ளப்படாது. தொகுப்பி 64 பிட் ஆயின் செருகுநிரலும் 64 பிட்டாகவே இருக்க வேண்டும். செருகுநிரல் பட்டியலில் தோன்றவே இல்லை என்ற முறையீடு எழும்போது முதலில் பார்க்கவேண்டியவை இவ்விரண்டே.

அடுத்தது அகராதி. ஹன்ஸ்பெல் அகராதி என்பது ஒரே பெயரும் வேறுவேறு பின்னொட்டும் உடைய இரண்டு கோப்புகள். ஒன்று சொற்கோப்பு, அதில் வேர்ச்சொற்கள் வரிக்கு ஒன்றாக இருக்கும். மற்றொன்று ஒட்டுக்கோப்பு, அதில் குறியாக்கத்தின் பெயரும் ஒட்டுவிதிகளும் இருக்கும். செருகுநிரலின் அமைப்புப் பகுதியில் மொழிகளைப் பதிவிறக்கும் வசதி உண்டு. அங்குத் தமிழ் கிடைக்காவிடில் இரு கோப்புகளையும் கையால் இடலாம். ஃபயர்ஃபாக்ஸ் அகராதி நீட்சியும் லிப்ரே ஆபிஸ் அகராதி நீட்சியும் உண்மையில் ஜிப் முறையில் கட்டப்பட்ட பொதிகளே. அவற்றைப் பிரித்தால் உள்ளே இவ்விரு கோப்புகளும் கிடைக்கும். ஃபெடோரா லினக்ஸ் தொகுப்பிலும் தமிழ் ஹன்ஸ்பெல் அகராதி தனிப்பொதியாக உள்ளது. எடுத்த கோப்புகளை, அமைப்புப் பகுதியில் ஹன்ஸ்பெல் அகராதிகளுக்கான இருப்பிடமாகக் காட்டப்பட்டுள்ள கோப்புறையில் வைத்து, மொழிப்பட்டியலில் அதனைத் தெரிவு செய்ய வேண்டும். ஆங்கில மேற்கோள் கலந்த ஆய்வேட்டுக்கு, பன்மொழித் தெரிவில் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்து இயக்கலாம். அப்போது இரண்டில் ஏதேனும் ஓர் அகராதி ஏற்ற சொல் பிழையின்றிக் கடந்துவிடும்.

சொற்கோப்பின் முதல் வரியில் சொற்களின் எண்ணிக்கை இருத்தல் வேண்டும். அது துல்லியமாக இருக்கவேண்டியதில்லை; ஆனால் எண் இல்லாவிடில் ஹன்ஸ்பெல் அக்கோப்பைக் குறையுடையதாகக் கொள்ளும். சொற்பட்டியலை அகர வரிசைப்படுத்தும்போது இந்த முதல் வரி இடம் மாறிவிடுவதும், அதனால் அகராதி செயலற்றுப் போவதும் நேரக்கூடியவை.

நான்கு சொற் சோதனை

நிறுவியவுடன் ஆய்வேட்டைத் திறந்து பார்ப்பது நல்ல தொடக்கமாகாது. பக்கம் முழுவதும் சிவப்பாகத் தெரிந்தால் குறை எங்குள்ளது என்று புலப்படாது. அதற்கு மாறாக, புதிய கோப்பு ஒன்றில் கீழ்க்காணும் நான்கு சொற்களை மட்டும் தட்டச்சு செய்து பார்க்கலாம்: மரம், மரத்தை, மரதை, மறத்தை.

நான்கின் கீழும் கோடு தோன்றினால் தமிழ் அகராதி ஏற்றப்படவில்லை. பெரும்பாலும் ஆங்கில அகராதி மட்டும் இயங்கிக்கொண்டிருக்கும். ஒன்றின் கீழும் கோடு இல்லையெனில் தானியங்கிச் சரிபார்ப்பு நிறுத்தப்பட்டிருக்கும். அல்லது சரிபார்க்க வேண்டிய கோப்பு வகைகளில் இக்கோப்பு சேர்க்கப்படாமல் இருக்கும். நிரல்மொழிக் கோப்பாகத் தொகுப்பி கருதிய கோப்பில் குறிப்புரைகளையும் மேற்கோட்குறிக்குள் அமைந்தவற்றையும் மட்டும் பார்க்கும் தெரிவும் உண்டு. வெற்றுரைக்கு மொழியைச் ‘சாதாரண உரை’ என மாற்றிக்கொள்வது நலம்.

‘மரம்’ தப்பி, ‘மரத்தை’ கோடு பெறுமாயின் செருகுநிரலில் குறையில்லை. அகராதியில் சொற்பட்டியல் உண்டு. ஒட்டுவிதி இல்லை அல்லது அச்சொல்லோடு விதி இணைக்கப்படவில்லை. தமிழில் பெரும்பாலோர் சந்திப்பது இந்நிலையையே. ‘மரதை’ கோடின்றிக் கடந்தால் ஒட்டுவிதி தளர்வாக எழுதப்பட்டுள்ளது. இது முந்தைய நிலையைவிடத் தீங்கானது. பொய்யான கோட்டைப் பயனாளர் கண்டு ஆராய்வார். வரவேண்டிய இடத்தில் வராத கோட்டை அவர் எவ்வாறு காண்பார்?

‘மறத்தை’ என்பது கோடு பெறாமல் இருப்பதே முறை. வீரத்தைக் குறிக்கும் ‘மறம்’ அகராதியில் இருக்குமாயின் அதன் இரண்டாம் வேற்றுமை வடிவமும் சரியானதே. ‘மரத்தை வெட்டினான்’ என எழுதவேண்டிய இடத்தில் ‘மறத்தை வெட்டினான்’ என்று எழுதிய மாணவருக்கு இக்கருவி ஒருபோதும் உதவாது. கருவி நன்றாக இயங்குகிறது என்பதற்கும் அதன் எல்லை எது என்பதற்கும் இந்த நான்காம் சொல் ஒருசேரச் சான்றாகிறது.

எழுத்து ஒன்று, குறி வேறு

கண்ணுக்குச் சரியாகத் தெரியும் சொல் கோடு பெறுவதற்குக் குறியாக்கம் காரணமாகலாம். ‘கொ’ என்னும் எழுத்தைக் ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு எகரக்குறி, ஆகாரக்குறி என இரண்டைச் சேர்த்தும் எழுதலாம். ஒருங்குறித் தரத்தின்படி இரண்டும் ஒப்பானவை; திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் ஹன்ஸ்பெல் குறிகளை அப்படியே ஒப்பிடுவதால் ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்கும். தமிழ்99 விசைப்பலகையில் நேராகத் தட்டச்சு செய்த உரையில் இச்சிக்கல் எழுவது அரிது. பழைய எட்டுபிட் எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட உரையில் எதிர்பார்க்கத்தக்கது. அவ்வெழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனியாகவே தட்டப்பட்டன.

ஔகாரம் இதினும் சிக்கலானது. ‘கௌதமர்’ என்பதில் ஔகாரக்குறிக்குப் பதிலாக எகரக்குறியும் ளகர எழுத்தும் இடப்பட்டு ‘கெளதமர்’ என அமைந்திருப்பது மின்னுரைகளில் மலிந்து காணப்படுகிறது. இங்கு இரண்டும் ஒப்பானவை அல்ல, பின்னது பிழையே. ‘ஸ்ரீ’ என்பதற்கும் இரு குறிவரிசைகள் உள்ளன; சகர வகை எழுத்தான ‘ஶ’ 2005இல் ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பில் சேர்ந்தபின் நேர்ந்த இரட்டை நிலை இது. எகரத்துக்குப் பதிலாக ‘௭’ என்னும் தமிழ் எண் கலந்துவிட்டாலும் மெய்ப்புப் பார்ப்பவரின் கண்ணுக்கு அது தப்பிவிடும்.

ஒட்டுக்கோப்பில் உள்ளீட்டு மாற்றக் கட்டளை ஒன்று உண்டு. இரண்டாகப் பிரிந்த ஒகரக்குறியை ஒன்றாகக் கொள்க என அதில் எழுதிவிட்டால் கோடு மறைந்துவிடும். எளிய தீர்வு போலத் தோன்றினும் ஆய்வுப் பணிக்கு இதனைப் பரிந்துரைக்க இயலாது. கட்டளை கோட்டை மறைக்கிறதேயன்றி உரையைத் திருத்துவதில்லை. அவ்வுரையைக் கொண்டு சொல்லடைவு தொகுக்கும்போது ‘கொடை’ என்ற ஒரே சொல் இரண்டு பதிவுகளாகப் பிரிந்து நிற்கும். அதன் வருகை எண்ணிக்கையும் பிழையாகும். கோட்டை அங்கேயே இருக்கவிட்டு, தொகுப்பியின் தேடி மாற்றும் வசதியால் உரையின் குறிகளை ஒருமைப்படுத்துவதே முறை. சொல்லடைவு தொகுப்போருக்கு இச்சிவப்புக்கோடு செய்யும் பேருதவி, எழுத்துப்பிழை காட்டுவதைவிட இத்தகைய குறிப்பிழைகளைக் காட்டுவதே எனலாம்.

நோட்பேட்++இன் குறியாக்கப் பட்டியலில் ஒத்த தோற்றமுடைய இரண்டு கட்டளைகள் உள்ளன. ஒன்று, கோப்பின் பைட்டுகளை மாற்றாமல் அவற்றை யுடிஎஃப்-8 எனப் படிக்கச் சொல்வது. மற்றொன்று, உள்ளடக்கத்தையே யுடிஎஃப்-8 ஆக மாற்றுவது. இவற்றுள் எதுவும் டிஸ்கி உரையைத் தமிழ் ஒருங்குறியாக்காது. டிஸ்கிக்குத் தனி மாற்றியே வேண்டும்.

புணர்ச்சியும் ஒட்டுக்கோப்பும்

ஒட்டுக்கோப்பின் ஒவ்வொரு விதியும் மூன்று செய்திகளைக் கொண்டது: சொல்லின் இறுதியில் எதை நீக்குவது, எதைச் சேர்ப்பது, எத்தகைய இறுதியுடைய சொல்லுக்கு. தமிழிலக்கணம் பயின்றோருக்கு இவ்வமைப்பு புதியதன்று. தோன்றல், திரிதல், கெடுதல் என நன்னூல் வகுக்கும் விகாரங்கள் மூன்றையும் நீக்குதல், சேர்த்தல் என்னும் இரண்டு செயல்களால் காட்டிவிடலாம். ‘மரம்’ என்பதில் மகர மெய்யை நீக்கித் ‘த்தை’ சேர்த்தால் ‘மரத்தை’. கெடுதலும் சாரியைத் தோற்றமும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. ‘வீடு’ என்பதில் ‘டு’ நீக்கி ‘ட்டை’ சேர்த்தால் ‘வீட்டை’. ‘மலை’ என்பதில் எதையும் நீக்காமல் ‘யை’ சேர்த்தால் உடம்படுமெய் பெற்ற ‘மலையை’.

‘கால்’ என்பதோடு ஐகாரம் சேரும் இடம் கருதத்தக்கது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாகும் என்பது இலக்கணம். ஒருங்குறியிலோ ‘ல்’ என்பது லகர உயிர்மெய்யும் புள்ளியும் ஆகிய இரண்டு குறிகள். எனவே விதி, புள்ளியை மட்டும் நீக்கி ஐகாரக்குறியைச் சேர்க்கிறது. இலக்கணம் மெய்யை முதலாகக் கொள்ள, ஒருங்குறி அகரமேறிய மெய்யை முதலாகக் கொண்டதன் விளைவு இது. விதி எழுதுவோர் இரண்டு பார்வைக்கும் இடையே ஓயாமல் மாறவேண்டியுள்ளது.

சிக்கல் தொடங்குவது தனிக்குறிலில். தனிக்குற்றெழுத்தை அடுத்த மெய், உயிர் வரும்போது இரட்டிக்கும். ‘கல்’ ‘கல்லை’ ஆகும். ‘பகல்’ ‘பகலை’ ஆகும். ஹன்ஸ்பெல் விதியின் நிபந்தனை சொல்லின் இறுதியிலிருந்து மட்டுமே பார்க்கும். அதற்குமுன் எழுத்து ஏதும் உண்டா இல்லையா என்பதை அதனால் கேட்க முடியாது. ‘கல்’ என முடியும் சொல் என்று நிபந்தனை எழுதினால் ‘பகல்’ என்பதும் அதில் அகப்பட்டு, ‘பகல்லை’ என்னும் இல்லாத வடிவம் சரியெனக் கடந்துவிடும். எனவே தனிக்குறிலை அடுத்த ஒற்றில் முடியும் பெயர்களுக்குத் தனி அடையாளக் கொடி அமைத்து, சொற்கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் அதனைக் கையால் இணைக்க வேண்டும். இலக்கணத்தில் ஒரு வரியில் அடங்கும் விதி இங்கு ஒரு பட்டியலாக விரிகிறது. ‘ஆறு’ என்பதற்கு நதி என்னும் பொருளில் ‘ஆற்றை’, எண் என்னும் பொருளில் ‘ஆறை’ என இரண்டு கொடிகளும் வேண்டும்.

அளவைக் கருதினால் பணியின் பருமை விளங்கும். ஒரு பெயருக்கு ஒருமை, பன்மை என இரண்டு. எட்டு வேற்றுமை வடிவங்களை மட்டும் கொண்டால் 16. அவை தனித்தும், உம், ஏ, ஓ, தான் ஆகிய நான்கு இடைச்சொற்களுள் ஒன்றை ஏற்றும் வருவதாகக் கொண்டால் 80. பத்தாயிரம் பெயர்ச்சொற்களுக்கு 8,00,000 வடிவங்கள். இவற்றைப் பட்டியலாக எழுதுவது அறிவுடைமை ஆகாது, விதிகளே வழி. ஆனால் ஹன்ஸ்பெல் இரண்டு பின்னொட்டுகளையே அடுத்தடுத்துப் பிரிக்கும். ‘மரங்களிலிருந்தும்’ என்பதில் கள், இலிருந்து, உம் என மூன்று உள்ளன. ‘ங்களிலிருந்து’ என்பதை ஒரே ஒட்டாகக் கட்டி, உம்மையை இரண்டாம் ஒட்டாக வைத்தால் சமாளிக்கலாம். ‘மரங்களிலிருந்தும்தானே’ என ஒருவர் எழுதினால் கோடு விழும். அது எழுதியவரின் பிழையன்று.

வினைச்சொல்லின் நிலை இதனினும் விரிவானது. ‘வந்த்’, ‘வருகிற்’, ‘வருவ்’ எனக் காலங்காட்டும் அடிகளைச் சொற்கோப்பில் சேர்த்து, அவை தனித்து வாரா என்னும் கட்டளையையும் உடன் எழுதிவைப்பதே நடைமுறை.

சொல்லெல்லைக்கு அப்பால்

தமிழாசிரியர்கள் ஆய்வேடுகளில் மிகுதியாகச் சுழித்துத் தள்ளுவது சந்திப்பிழைகளை. அவற்றைத்தான் இக்கருவி காணாது. ‘மரத்தைப் பார்த்தான்’ என்பதில் பகர ஒற்று வருமொழியை நோக்கியது. ஹன்ஸ்பெல்லோ இடைவெளிகளுக்கு இடைப்பட்ட ஒரு சொல்லை மட்டும் தனியே பார்க்கிறது. அடுத்த சொல் அதன் பார்வையில் இல்லை. ஆகவே அகராதி ஆக்குவோர் ‘மரத்தை’ என்பதோடு மரத்தைக், மரத்தைச், மரத்தைத், மரத்தைப் என்னும் நான்கையும் சரியெனக் கொள்ளவேண்டியவராகின்றனர். கொள்ளாவிடில் முறையாக ஒற்றிட்டு எழுதியவரின் பக்கமே சிவந்து கிடக்கும். கொண்டதன் விளைவாக ‘மரத்தைக் பார்த்தான்’ என்பதும் ‘மரத்தை பார்த்தான்’ என்பதும் கோடின்றிக் கடந்துவிடும். இது செருகுநிரலின் குறையோ அகராதியின் குறையோ அன்று. சொல்லைத் தனித்துப் பார்க்கும் முறையின் இயல்பு. சந்திக்கு நீச்சல்காரன் உருவாக்கிய ‘நாவி’ போன்று இருசொற்களையும் சேர்த்து நோக்கும் கருவிகளையே நாட வேண்டும்.

பிரித்தும் சேர்த்தும் எழுதும் வழக்கும் இவ்வாறே. ‘செய்து கொண்டிருந்தான்’ என்பது இரண்டு சொற்களாகக் கடந்துவிடும். ‘செய்துகொண்டிருந்தான்’ என்பது பெரும்பாலும் கோடு பெறும். கோடு வராத வடிவமே முறையானது எனக் கருதித் துணைவினைகளை எல்லாம் பிரித்து எழுதத் தொடங்கினால், கருவியின் வசதிக்காக நடை மாற்றப்பட்டதாகும்.

பழைய பாடமும் புதிய பரிந்துரையும்

இக்கருவியால் விளையக்கூடிய பெருந்தீங்கு பதிப்புப் பணியில் உள்ளது. கோடு விழுந்த சொல்லின்மேல் வலப்பக்கச் சுட்டியை அழுத்தினால் நெருங்கிய சொற்கள் சில பரிந்துரைக்கப்படும். ஒன்றைத் தொட்டால் உரை மாறிவிடும். அறன், நிலன், முகன் ஆகியவை அறம், நிலம், முகம் ஆகியவற்றின் கடைப்போலிகள். இக்கால உரைநடையை அடிப்படையாகக் கொண்ட அகராதியில் இவை இரா. கருவி இவற்றின் கீழ்க் கோடிட்டு, மகர இறுதியையே பரிந்துரைக்கும். ‘அரைசு’ என்னும் இடைப்போலிக்கும், ‘தழீஇ’, ‘உழாஅர்’ முதலிய அளபெடை வடிவங்களுக்கும் நேர்வது இதுவே. தட்டச்சு செய்பவர் மாணவராகவும் மெய்ப்பு நோக்கும் காலம் குறுகியதாகவும் இருப்பின், எதுகையும் மோனையும் தளையும் கெட்ட செய்யுள் ஒன்று ‘பிழை நீங்கிய’ உரையாக வெளிவரும். மூலத்தில் இருந்த வடிவம் எது என்பதற்கு அக்கோப்பில் தடயமும் எஞ்சாது.

உரைநடைப் பதிப்பிலும் இவ்வாபத்து உண்டு. கோவில், கோயில்; கருப்பு, கறுப்பு; பவளம், பவழம்; உளுந்து, உழுந்து என்பன போன்ற இணைகளில் ஒன்றை மட்டும் ஏற்ற அகராதி, மற்றொன்றைப் பிழையெனக் காட்டும். ஒரு நூலாசிரியர் எவ்வடிவத்தை எங்கெங்கு ஆண்டார் என்பதே ஆய்வுப் பொருளாகும்போது, அகராதி ஆக்கியவரின் தேர்வு ஆசிரியரின் தேர்வை அழித்துவிடுகிறது.

இதற்கென மேற்கொள்ளத்தக்க நடைமுறை ஒன்று உண்டு. மூலப்படியை எழுத்தாக்கும் கட்டத்தில் பரிந்துரைகளை ஏற்காமல், கோடு விழுந்த இடங்களுக்கு ஒவ்வொன்றாகச் சென்று மூலத்தோடு ஒப்பிடுவது மட்டுமே செய்யப்பட வேண்டும். மூலத்தில் உள்ளவாறே உரையும் இருப்பின் அச்சொல்லை அகராதியில் சேர்த்துவிடலாம். டிஸ்பெல்செக் அவ்வாறு சேர்த்தவற்றைப் பயனாளர் அகராதி என்னும் தனிக் கோப்பில் வைக்கிறது. அதில் சேர்ந்த சொல்லுக்கு ஒட்டுவிதிகள் பொருந்தா. ‘நிலன்’ சேர்த்தால் ‘நிலனை’ மீண்டும் கோடு பெறும். பல வடிவங்களில் வரக்கூடிய சொல்லை, ஒத்த சொல்லுக்குரிய கொடியோடு சொற்கோப்பிலேயே எழுதுவது மேல். சொற்கோப்பும் வெற்றுரையே ஆதலால் அதனை நோட்பேட்++இலேயே திறந்து திருத்தலாம்.

அகராதிகளின் இருப்பிடத்தை அமைப்புப் பகுதியில் மாற்ற இயலும் என்பதால், ஒவ்வொரு பதிப்புப் பணிக்கும் தனிக் கோப்புறை வைத்து, இரு அகராதிக் கோப்புகளின் படியை அதில் இட்டுக்கொள்ளலாம். சங்க நூல் ஒன்றுக்காகச் சேர்த்த வடிவங்கள் அப்போது ஆய்வேட்டின் உரைநடையில் கலந்து பிழைகளை மறைக்கமாட்டா. பணி முடிந்தபின் அப்பயனாளர் அகராதியைத் திறந்து பார்த்தால், பொது வழக்கிலிருந்து அந்நூல் வேறுபடும் சொல்வடிவங்கள் யாவும் ஒரு பட்டியலாக அதில் இருக்கும். பதிப்புரையில் எழுத்தமைதி பற்றிய குறிப்பை எழுதுவதற்கு அப்பட்டியலே மூலம். பதிப்பின் மின்கோப்போடு அதனையும் சேர்த்து வைக்க வேண்டும்.